முப்பத்தாறு கண்ணாடித் தட்டுகள்

1974 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. பிற்பகல் 1.40.

கமலேஸ்வரி ஆய்வுகூடக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். ஐந்து மாதமாகக் கண்ணுங் கருத்துமாகக் காத்த மெல்லிய கண்ணாடிச் சிலைட்டுகள் அத்தனையும் சீமெந்துத் தரையில் தூளாகக் கிடந்தன. அவற்றில் ஒட்டியிருந்தது ஜெமீல் என்ற மனிதரின் மூளை.

"தம்பிராசா அண்ணை! ஓடி வாங்கோ!"

உதவியாளர் தம்பிராசா கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வாசற்படலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். ஓடிவந்து எட்டிப் பார்த்தார். யன்னல் அகலத் திறந்திருந்தது. அதன் கீழே ஒரு வாழைப்பழத் தோல். மிச்ச மூளையை இட்டுவைத்த போத்தல் கவிழ்ந்து, போர்மலின் நாற்றம் கண்ணைக் கரித்தது.

"குரங்கு!" என்றார். "ஓர்ஸ் ஹில் குரங்குகளுக்கு இப்ப நல்லாத் துளிர் விட்டுப்போச்சு."

பிறகுதான் மேசையைப் பார்த்தார். கமலேஸ்வரி மூளைப் படம் கீறிய முப்பத்தாறு கண்ணாடித் தட்டுகள் வரிசையாக நின்ற மரப்பெட்டிக்கு ஒரு கீறலுமில்லை.

"பெட்டி தப்பீட்டுது பிள்ளை. திங்கட்கிழமை கோட்டில நீதவானுக்குக் காட்டுறதுக்கு அது போதும். ஏன் அழுகிறீங்கள்?"

கமலேஸ்வரி பெட்டியின் முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, நேற்று இரத்தம் இடப்பக்கம் இருந்தது," என்றாள். "இப்ப வலப்பக்கம் நிக்குது."

பிற்பகல் 2.20.

ஸெய்னுதீன் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். திடீர் மரண விசாரணை அதிகாரி. ஊரில் யாராவது விழுந்தோ மூழ்கியோ விஷம் குடித்தோ இறந்தால் முதலில் கூப்பிடப்படும் மனிதர். வெள்ளைக்காரன் கப்பற்றளத்தை விட்டுப் போகும்வரை அங்கே இருபது வருடம் வரைபடம் கீறியவர். தன் கண்களைப்பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அது கொஞ்சம் கூடுதல் என்று மனைவி நபீஸா சொல்வார். அது பிழை என்று ஸெய்னுதீனும் சொன்னதில்லை.

ஜெமீலின் மூளை இந்த ஆய்வுகூடத்துக்கு வந்ததற்கும் ஸெய்னுதீன்தான் காரணம்.

மார்ச் மாதம் ஒரு பின்னேரம், சரக்குக் கம்பனியொன்றின் இறங்குதுறையில், காவல்காரர் ஜெமீல் வலது காதுக்குப் பின்னால் காயத்தோடு கிடந்தார். இரண்டு நாள் கண் திறக்காமலே இறந்துபோனார். பாரந்தூக்கி ஓட்டும் லாபிர் இரும்புக் கம்பியால் அடித்ததைத் தன் கண்ணால் கண்டதாகக் கம்பனியின் மேற்பார்வையாளர் பாக்கியரத்தினம் சத்தியம் பண்ணினார். அன்று காலை லாபிரும் ஜெமீலும் வாய்த்தர்க்கப்பட்டதை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். லாபிரோ, ஜெமீல் கப்பலுக்குப் போடும் ஏறுபலகையிலிருந்து தவறி விழுந்து கொங்கிரீட்டில் தலையடிபட்டார் என்று ஒரே பேச்சாக நின்றார். அவரை நம்புவார் இல்லை. கொலைக் குற்றம். விளக்கமறியல். தீர்ப்பு எதிராக வந்தால் தூக்கு.

ஜெமீல் இறந்த மறுநாள் காலை ஸெய்னுதீன் அந்த இடத்தைப் பார்க்கப் போனபோது ஏறுபலகை புத்தம் புதிதாக இருந்தது. மற்றதெல்லாம் துருவும் உக்கலுமாக இருந்த துறையில் அது மட்டும் மணக்க மணக்கப் புதுப்பலகை. அவர் அதைக் குறித்துக்கொண்டார். மூளையை டொக்டர் இரத்தினசிங்கத்திடம் அனுப்பச் சொல்லி எழுதினார்.

டொக்டர் இரத்தினசிங்கம் இளைப்பாறிய நோயியல் நிபுணர். ஓர்ஸ் ஹில்லில் வீட்டின் பின்பக்கத்தை ஆய்வுகூடமாக்கி, சம்பளமுமில்லாமல் நித்திரையுமில்லாமல் மூளைகளோடு குடித்தனம் நடத்துபவர். சற்று முன்தான் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்திருந்தார்; கீறி முடிந்த பெட்டியை அதுவரை பார்த்திருக்கவில்லை. தூளாய்க் கிடந்த தரையைப் பார்த்தபடி கதிரையில் அமர்ந்திருந்தார்.

"டொக்டர், எனக்குத் தெரிஞ்சதுதான். எண்டாலும் சார்ஜன்ட் கேக்க இன்னொருக்காச் சொல்லுங்க," என்றார் ஸெய்னுதீன்.

பக்கத்தில் நின்ற பொலிஸ் சார்ஜன்டுக்காக டொக்டர் தலையை நிமிர்த்தினார்.

"அசையாமல் நிக்கிற தலையில அடி விழுந்தால், அடி விழுந்த பக்கமே மூளை கன்றும். விழுகிற தலை போய் நிலத்தில மோதினால், எதிர்ப்பக்கம் கன்றும். ஜெமீலுக்குக் காயம் வலப்பக்கம். மூளை வலப்பக்கம் கன்றியிருந்தால் அடி. இடப்பக்கம் கன்றியிருந்தால் விழுந்தவர்."

"வெட்டிப் பாத்தாத் தெரியாதா ஐயா?" என்றார் சார்ஜன்ட்.

"பார்த்தேன். இரத்தம் எல்லா இடமும் பரவியிருந்தது. எங்க தொடங்கினது எண்டு ஒரு வெட்டில தெரியாது. அதனாலதான் இந்தப் பாடெல்லாம்."

பாடு என்று அவர் சொன்னது இது. மூளையைப் போர்மலினில் இறுக்கி, மெழுகில் புதைத்து, கடதாசியிலும் மெல்லியதாக முன்னிருந்து பின்வரை சீவவேண்டும். சீவலுக்குச் சாயமேற்றி சிலைட்டில் ஒட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு சிலைட்டுக்கும் பின்னால் விளக்கை வைத்து, அதன் உருவைப் பெரிதாக ஒரு கண்ணாடித் தட்டில் விழுத்தி, கோடு பிசகாமல் அதன்மேல் கீறவேண்டும். மூளையின் விளிம்பு கறுப்பு மையில், இரத்தம் சிவப்பு மையில். முப்பத்தாறு தட்டுகளையும் பெட்டியின் தவாளிப்புகளில் வரிசையாக நிறுத்தி முன்னாலிருந்து பார்த்தால், உள்ளே ஒரு முழு மூளை அந்தரத்தில் நிற்கும். கண்ணாடிக்குள் சிவப்பு ஒரு வேர்போல ஓடி, தான் எங்கே முளைத்தது என்று தானே காட்டும்.

"இடம் வலம் எப்பிடித் தெரியும்?" சார்ஜன்ட் விடவில்லை.

"மெழுகில போட முதல் வலப்பக்கத்தால முன்னிருந்து பின்வரை ஒரு நீட்டு ஊசியை ஓட்டுறனாங்கள். எல்லாச் சீவலிலயும் அந்தத் துவாரம் இருக்கும். தட்டில அதை ஒரு சின்ன வட்டமாய்க் கீறுவா கமலேஸ்வரி. வட்டம் இருக்கிற பக்கம் வலது."

எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். வட்டமும் சிவப்பும் ஒரே பக்கத்தில் நின்றன. வலப்பக்கம். அடி. கொலை.

"நேற்று அப்பிடி இல்லை ஐயா!" கமலேஸ்வரிக்குக் குரல் உடைந்தது. "முப்பத்தாறையும் கீறினது நான். வட்டம் ஒரு பக்கம், இரத்தம் மற்றப் பக்கம். நேற்று ஐந்து மணிக்குத் தம்பிராசா அண்ணையும் பாத்தவர்."

"நான் பெட்டியைத்தான் பாத்தனான், பக்கம் பாக்கேல்லை," என்றார் தம்பிராசா பாவமாக.

டொக்டர் பெருமூச்சு விட்டார். "பிள்ளை, நீ லாபிர் வீட்டு ஒழுங்கையில, அயலில இருக்கிறனி. அந்தச் சனத்தில இரக்கப்பட்டு... எனக்குக் கண்ணாடிதான் சாட்சி."

இதைக் கேட்டதும் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பொய்க்காரி என்று பெயரெடுப்பதைவிட, ஒரு நிரபராதியைத் தன் கையால் கீறிய படமே தூக்கில் போடப்போகிறது என்பதுதான் அவளை வதைத்தது.

ஸெய்னுதீன் இதற்குள் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். யன்னலடியில் நின்றார். வாழைப்பழத் தோலைக் குனிந்து பார்த்தார். யன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம். அதில் மூன்று கோழி முட்டைகள்.

"இது ஆருடைய சாப்பாடு?"

"சாப்பாடில்லை ஐயா, கண்ணாடிக்கு," என்றார் தம்பிராசா.

"அரிசிக்கும் பாணுக்கும் சனம் வரிசையில நிக்குது. நீங்க கண்ணாடிக்கு முட்டை குடுக்கிறீங்களா?"

தம்பிராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலமை ஆறு மணிக்கு, கமலேஸ்வரி வர முதல், வெறுங் கண்ணாடிக்கு வெள்ளைக்கருவைத் தடவிக் காயவைக்கிறது என்ர வேலை. அப்பதான் மை பிடிக்கும். கீறி முடிஞ்சால் பின்னேரம் மேல மெல்லிசா மெழுகு பூசுவன். கடற்காத்துக்கு மை பூத்துப்போகும், அதுக்காக. மெழுகு பூசினாப் பிறகு அதில ஒண்டும் எழுத ஏலாது. மை உருண்டு ஓடும். பிழை திருத்திறதெண்டால் பெற்றோல் பஞ்சால மெழுகை எடுத்துப்போட்டுத்தான் திருத்தவேணும்."

ஸெய்னுதீன் பெட்டியிலிருந்து ஒரு தட்டை உருவினார். வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தார். வட்டத்தின்மேல் நகத்தால் மெல்ல ஒரு சுரண்டல். நகத்தைப் பார்த்தார். தட்டின் மற்றப் பாதியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு நகத்தைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு திருப்தி.

"சாவி எங்க இருக்கும்?"

"பன்னிரண்டு மணிக்குப் பூட்டி, டொக்டர் வீட்டுக் குசினிச் சுவரில ஆணியில கொழுவிப்போட்டுச் சாப்பிடப் போவம்," என்றாள் கமலேஸ்வரி.

"அது ஆருக்குத் தெரியும்?"

"இங்க தேத்தண்ணி குடிச்ச எல்லாருக்கும்."

பிற்பகல் 2.55.

சார்ஜன்ட் வெளியே போய் ஒரு பெண்ணை அழைத்துவந்தார். லாபிரின் மனைவி ஸுல்பிகா. வெயிலில் நின்று முகம் கறுத்துப் போயிருந்தது.

"இவ படலையடியில நிண்டவ ஐயா. பன்னிரண்டரையில இருந்து. மாப்பிள்ளைக்கு எதிரான சாட்சியை உடைக்க வேற ஆர் வரப்போறாங்க?" சார்ஜன்டுக்கு வழக்கு முடிந்த சந்தோஷம்.

ஸெய்னுதீன் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"ஏன் வந்தீங்க?"

"கமலேஸ்வரிட முடிவு என்னெண்டு கேக்க வந்தன் காக்கா. அவ வரக்குள்ள கிட்டப் போகத் துணிவு வரல்ல," என்றாள், அவரை அண்ணன் முறை வைத்து.

"உள்ள வந்தீங்களா?"

"இந்தப் படலையத் தாண்டினதே இப்பதான்."

"சத்தம் கேட்டீங்களா?"

"கண்ணாடி உடையிற சத்தம். ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு சனம் வரத் தொடங்கின நேரம். ஒண்டேகால் இருக்கும்."

"ஆள்?"

"ஒருத்தரையும் காணல்ல. பின்னால கடல் பக்கம் ஒரு படியிருக்கு எண்டு சொல்றாங்க."

"ஏன் போய்ப் பாக்கல்ல?"

அவள் கண் கலங்கியது. "கொலகாரன்ட பொண்டாட்டி எண்டு ஊரெல்லாம் கதைக்குது. ஒருத்தர்ட வளவுக்க நான் எப்பிடிப் போறது காக்கா? அவர் அடிக்கல்ல. அல்லா மேல ஆணை, அவர் அடிக்கல்ல."

ஸெய்னுதீன் திரும்பினார். சார்ஜன்டைப் பார்த்து, "இவவைக் கூட்டிட்டுப் போக அவசரப்படாதீங்க. ஒரு மணித்தியாலம் பொறுங்க," என்று மட்டும் சொன்னார்.

பிற்பகல் 3.25.

வாசலில் ஜீப் வந்து நின்றது. மேற்பார்வையாளர் பாக்கியரத்தினம் இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை, சட்டைப் பையில் வரிசையாகப் பேனை, பென்சில். மலையேறி வந்த வெயிலில் வியர்வை ஊற்றியது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டு வந்தனான், மிஸ்டர் ஸெய்னுதீன். என்ன அநியாயம்!"

"ஆர் சொன்னது?"

"துறைமுகத்தில கதை பரவ எவ்வளவு நேரம்?"

"உங்களுக்கு இந்த இடம் பழக்கமோ?"

"போன கிழமை வந்தனான். கம்பனி சார்பில. இந்தப் பிள்ளை கீறுறதை அரை மணித்தியாலம் இருந்து பாத்தனான், தம்பிராசா தேத்தண்ணி தந்தவர். அருமையான கை." கமலேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார். "மையால கண்ணாடியில அப்பிடி ஒரு கோடு. வட்டம் இருக்கிற பக்கம் வலது எண்டும் அவதான் சொல்லித் தந்தவ."

பெட்டியின் முன்னால் குனிந்தார். மறுபடி நெற்றியைத் தோளில் துடைத்தார்.

"இரத்தமும் வட்டத்தின்ர பக்கம்தான். நான் அண்டைக்கே சொன்னனான், அடிதான் எண்டு. லாபிரில எனக்குக் கோபமில்லை. சட்டம் சட்டம்தானே."

ஸுல்பிகா சுவரோடு சாய்ந்தாள். கமலேஸ்வரி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு எங்க இருந்தீங்கள்?" என்று கேட்டார் ஸெய்னுதீன், ஏதோ காலநிலை விசாரிப்பதுபோல.

"துறையில. வெள்ளிக்கிழமை எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிடுவாங்கள். தனிய இருந்தனான்."

"கண்டவங்க?"

"ஆர் காணுறது? கடலும் நானும்."

ஸெய்னுதீன் தலையாட்டினார். அவருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

பிற்பகல் 4.05.

"சரி, பெட்டியை முத்திரை வைச்சுக் கோட்டுக்கு அனுப்புவம்," என்றார் ஸெய்னுதீன். "முத்திரைக்கு முதல் இங்க நிக்கிற எல்லாரும் சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும். இது கண்ணாடிச் சாமான். கையெழுத்தும் கண்ணாடியிலயே இருக்கட்டும், பெட்டிக்குள்ள கடைசித் தட்டா நிக்கும். தம்பிராசா, காலையில தயாராக்கின வெறுந்தட்டு இருக்கா?"

"ஆறு இருக்கு ஐயா."

"ஒண்டு தாங்க. மைக்கூட்டையும் தொட்டெழுதுற பேனையையும் வையுங்க. கம்பனிக்காரர் முதல். விருந்தாளி."

பாக்கியரத்தினம் மேசையடிக்கு வந்தார். தட்டைக் கையிலெடுத்தார். மைக்கூட்டை ஒதுக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு மெழுகுப் பென்சிலை உருவினார். துறையில் பெட்டிகளுக்கும் தகரப் பீப்பாய்களுக்கும் குறி போடும் பென்சில்.

"பேனை சரிவராது," என்றார். "கண்ணாடியில மை நிக்காது. உருண்டு ஓடும்."

பென்சிலாலேயே கையெழுத்து வைத்தார். அழகான கையெழுத்து.

"மெத்தப் பெரிய உபகாரம்," என்றார் ஸெய்னுதீன். தட்டை வாங்கி யன்னலடியில் வைத்தார். "தம்பிராசா, அடுத்த தட்டு. கமலேஸ்வரி, நீங்க."

கமலேஸ்வரி பேனையை மையில் தொட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு சொட்டும் ஓடவில்லை. அதன்கீழ் தம்பிராசா வைத்தார். ஸுல்பிகா பெயரை எழுதினாள். மை அச்சுக் குத்தியதுபோல நின்றது.

பாக்கியரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டுப் போனது.

"மிஸ்டர் பாக்கியரத்தினம்," ஸெய்னுதீன் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "போன கிழமை இந்தப் பிள்ளை கண்ணாடியில மையால கீறினதை அரை மணித்தியாலம் பாத்தீங்க. அருமையான கோடு எண்டும் சொன்னீங்க. அண்டைக்கு மை உருண்டு ஓடினதா?"

"அது... கண்ணாடி எண்டால் பொதுவா..."

"பொதுவா எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பாங்க. உங்களைத் தவிர. மை பிடிக்கிறதை நேரில பாத்த ஆள் நீங்க. பாத்த பிறகும் பிடிக்காது எண்டு உறுதியாச் சொல்றீங்க எண்டால், நீங்க இதில எழுதிப் பாத்து, அது ஓடியிருக்கு. எப்ப எழுதினீங்க?"

துறைமுகத்துக்குள் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதி ஓய்ந்தது.

ஸெய்னுதீன் சார்ஜன்ட் பக்கம் திரும்பினார். தன் கண்களைப்பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அவர் அவசரப்படுகிற மனிதரில்லை.

"முதல்ல குரங்கு. ஓர்ஸ் ஹில் குரங்கு உள்ள வந்து, யன்னல் விளிம்பில இருந்த மூண்டு முட்டையைத் தொடாமல் போகுமா? வாழைப்பழம் வெளியில இருந்து வந்தது. கொண்டு வந்தவர் மனிசன். அவருக்கு முட்டை கண்ணில படல்ல.

"அடுத்தது, எல்லாரும் உடைஞ்சதைப் பாத்தீங்க. நான் உடையாததைப் பாத்தன். சிலைட்டும் போச்சு, போத்தலும் போச்சு. பெட்டி மட்டும் ஏன் தப்பினது? லாபிரைக் காப்பாத்த வந்த ஆள் எண்டால், அவரைக் குற்றவாளி எண்டு காட்டுற பெட்டியைத்தானே முதல்ல உடைக்கவேணும்? ஆகவே ஸுல்பிகா இல்லை. வந்தவருக்குப் பெட்டி வேணும். சிலைட் வேண்டாம். ஏனெண்டால் சிலைட் உண்மை சொல்லும். பெட்டி அவர் சொல்லிக் குடுத்ததைச் சொல்லும்."

அவர் எழுந்து பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து டொக்டரிடம் நீட்டினார்.

"வட்டத்தை நகத்தால தொடுங்க, டொக்டர்."

டொக்டர் தொட்டார். வட்டம் கறுப்பு மெழுகாய் நகத்தோடு வந்துவிட்டது.

"இப்ப விளிம்புக் கோட்டைச் சுரண்டுங்க."

கோடு அசையவில்லை.

"கோடு மை. வட்டம் மெழுகுப் பென்சில். இனி தட்டின்ர மற்றப் பாதியை வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பாருங்க. பயறளவு இடத்தில பூச்சு இல்லை, பிளேட்டால சுரண்டியிருக்கு. உண்மையான வட்டம் அங்கதான் இருந்தது. முப்பத்தாறிலயும் பாருங்க, முப்பத்தாறிலயும் இருக்கும். இருபது வருஷம் கப்பல் படம் கீறினவன் நான். சுரண்டித் திருத்தின இடத்தை மறைக்க எனக்கு முன்னால ஏலாது."

டொக்டர் ஒவ்வொரு தட்டாக உருவிச் சரித்துப் பார்த்தார். ஏழாவது தட்டோடு நிறுத்திவிட்டு, கமலேஸ்வரியைப் பார்த்தார். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை," என்றார் எல்லார் முன்னிலையிலும்.

"ஆனால் ஆர் செய்தது எண்டதுக்கு இது காணாது," ஸெய்னுதீன் தொடர்ந்தார். "ஆய்வுகூட ஆக்களுக்குத் தெரியும், முடிஞ்ச தட்டுக்கு மேல மெழுகு இருக்கு எண்டு. அவங்க எண்டால் பெற்றோல் பஞ்சால துடைச்சுப்போட்டு மையாலேயே வட்டம் போட்டிருப்பாங்க, நானும் ஏமாந்திருப்பன். இதைச் செய்தவருக்கு வட்டத்தின்ர அர்த்தம் தெரியும், சாவி தெரியும், மெழுகு தெரியாது. மெழுகு பூசுறது பின்னேரம், தேத்தண்ணிக்கு வந்த விருந்தாளி போன பிறகு. அவர் இண்டைக்குப் பன்னிரண்டுக்குப் பின்படியால வந்தார். மையைத் தொட்டு வைச்சார். உருண்டு ஓடினது. துடைச்சார். திரும்ப வைச்சார். ஓடினது. பிறகு பையில இருந்த பென்சில். ஒரு மணித்தியாலத்தில முப்பத்தாறு. கடைசியாத்தான் சிலைட்டை மிதிச்சுத் தூளாக்கினது. ஸுல்பிகாக்குச் சத்தம் ஒண்டேகாலுக்குக் கேட்டது அதனாலதான்."

"பென்சில் துறையில எல்லார்ட்டயும் இருக்கு!" பாக்கியரத்தினம் கத்தினார்.

"ஓம். முகம் துடைக்கிற லேஞ்சியும் எல்லார்ட்டயும் இருக்கு. இப்பிடிச் சேட்டுப் போடுற மனிசன் வந்ததில இருந்து முகத்தைத் தோளில துடைக்கிறீங்க. உங்கட லேஞ்சி எங்க?"

பாக்கியரத்தினத்தின் கை தன்னையறியாமல் காற்சட்டைப் பைக்குப் போனது. சார்ஜன்ட் அதைவிட வேகமாகப் போனார். மடித்துத் திணித்திருந்த வெள்ளை லேஞ்சி வெளியே வந்தது. பாதி கறுப்பாக இருந்தது. மடிப்புக்குள் மை இன்னும் முழுதாகக் காயவில்லை.

பாக்கியரத்தினம் அருகிலிருந்த நீட்டு மரவாங்கில் குந்திக்கொண்டார்.

"பலகை உக்கிப்போச்சு எண்டு லாபிர் ரெண்டு தரம் வந்து சொன்னவன்," என்றார். "கப்பல் போகட்டும், பிறகு மாத்துவம் எண்டனான். அண்டைக்குக் காலமையும் அதுக்குத்தான் ஜெமீலோட சத்தம் போட்டவன், உங்கட துரையிட்டச் சொல்லுங்க எண்டு. பின்னேரம் ஜெமீல் விழுந்திட்டார். என்ர உத்தியோகம் போகும், வழக்கு வரும். எனக்கும் பிள்ளைகள் இருக்குது... ஒரு பொய் சொன்னனான். அது இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகுமெண்டு நினைக்கேல்லை."

"அஞ்சு மாசம்," என்றாள் ஸுல்பிகா. அவள் சத்தம் போடவில்லை. "அஞ்சு மாசம் என்ட புள்ளைகள் வெளியில விளையாடப் போகல்ல."

பாக்கியரத்தினத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சார்ஜன்ட் அவரை எழுப்பி, அவருடைய ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனார். கமலேஸ்வரி அன்று பின்னேரமே, டொக்டர் பக்கத்தில் நிற்க, சுரண்டிய இடம் முப்பத்தாறையும் அளந்து எழுதினாள். முப்பத்தாறிலும் அது இரத்தத்துக்கு எதிர்ப்பக்கம். டொக்டர் கீழே கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை. முற்பகல் 11.30.

நீதவான் பெட்டிக்குள் நீண்ட நேரம் பார்த்தார். டொக்டர் சொன்னதைக் கேட்டார், லேஞ்சியைப் பார்த்தார், பாக்கியரத்தினத்தின் வாக்குமூலத்தை இரண்டு தரம் வாசித்தார். லாபிர் விடுவிக்கப்பட்டார்.

வெளியே வந்த லாபிர் மெலிந்து, தாடி வளர்ந்து, வெயிலுக்குக் கண் கூசி நின்றார். ஸுல்பிகா கையைப் பிடித்தாள். ஊட்டுக்குப் போவம் என்றாள். அவர் தலையசைத்து மறுத்தார்.

"முதல்ல ஜெமீல் நானாட ஊட்ட போகணும்," என்றார், சொந்த அண்ணனைச் சொல்வதுபோல.

வேண்டாம் என்று ஸெய்னுதீனுக்கும் தோன்றியது. ஜெமீலின் மனைவி றுக்கியா ஐந்து மாதமாக லாபிரைத் தன் புருஷனைக் கொன்றவனென்று சபித்துக்கொண்டிருந்தவர். கோட்டில் என்ன நடந்ததென்று செய்தி போயிருக்குமோ என்னவோ. ஆனாலும் கூடவே போனார். அவருடைய கெட்டித்தனமெல்லாம் ஓர்ஸ் ஹில்லிலேயே முடிந்துவிட்டது.

செய்தி போயிருந்தது. றுக்கியா கதவை அரைவாசி திறந்துகொண்டு நின்றார். லாபிர் முற்றத்திலேயே நின்றுவிட்டார். ஸலாம் சொன்னார். பதில் மெல்ல வந்தது.

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஸெய்னுதீன் நினைத்தார். யார் யாரிடம் கேட்பதென்று அவருக்கே விளங்கவில்லை. றுக்கியாதான் முதலில் பேசினார்.

"அவர் ரெண்டு நாளும் கண் திறக்கல்ல தம்பி. தண்ணி எண்டு கூடக் கேக்கல்ல. கடைசியாக் கதைச்சது ஒன்னோடதான். நீ கொன்டுட்டாய் எண்டு நினைச்சு, ஒன்னட்ட ஒருத்தரும் இதக் கேக்கல்ல. நானும் கேக்கல்ல." கதவை இறுகப் பிடித்தார். "என்ன சொன்னவர்?"

லாபிர் நிலத்தைப் பார்த்தார்.

"அவர் முன்னால போனார், நான் பின்னால வந்தன் ராத்தா. 'பலகை ஆடுது லாபிர், நீ கால வைக்காத' எண்டார். அதச் சொல்லத்தான் திரும்பினார்."

றுக்கியா வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவை முழுதாகத் திறந்து, "உள்ள வா தம்பி," என்றார்.